காவலாளியின் கொப்பி: மடிக்கணினியின் மறைந்த அமைப்புகள் பற்றிய எளிய விளக்கம்

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் மடிக்கணினி திருத்தும் கடையொன்றில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர் தமது மடிக்கணினியைக் கடைக்காரரிடம் நீட்டி, "பயாஸைத் திறந்துவிட முடியுமா?" என்று கேட்டார். மடிக்கணினியை முதலில் எழுப்பிவிடும் மென்பொருள்தான் பயாஸ்; அதில் மறைந்திருக்கும் அமைப்புகளை, அதாவது செட்டிங்ஸை, வெளியே கொண்டுவருவதைத்தான் ‘திறப்பது’ என்கிறார்கள். எதற்காக என்று கடைக்காரர் விசாரித்தார். வேகம் கூடும் என்று யூரியூப்பில் பார்த்ததாகப் பதில் வந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் மடிக்கணினியைப் புரட்டி, காற்று வெளியேறும் வாயிலை விரலால் தடவி, அந்த விரலை இளைஞரின் முகத்துக்கு நேரே பிடித்தார். செம்பாட்டுத் தூசி திட்டாக ஒட்டியிருந்தது. "முதலில் இதை எடுப்போம்," என்றார்.

கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் இளைஞர் கேட்டதும் அடியோடு பிழையான கேள்வி இல்லை. ‘திறப்பது’ என்ற சொல்தான் அவரை ஏமாற்றிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பூட்டிய அறையொன்றும் அதற்குள் ஒளித்து வைத்த வேகமும் மனதில் வந்துவிடுகின்றன. இன்னொரு பக்கம், பயாஸில் கை வைத்தாலே மடிக்கணினி செத்துவிடும் என்று நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் ஆசையும் பாதியாகும், பயமும் பாதியாகும்.

பள்ளிக்கூடத்துக்கு முதலில் வருபவர்

விடியற்காலையில் பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாக வருபவர் அதிபர் அல்லர், காவலாளி. திறப்புக் கொத்தோடு வந்து படலையைத் திறப்பார். தண்ணீர்த் தாங்கியை நிரப்ப மோட்டரைப் போடுவார். எந்த வகுப்பறைகள் பாவனையில் உள்ளனவோ அவற்றைத் திறந்து வைப்பார். அதிபர் வந்து கதிரையில் அமர்ந்த பிறகு பொறுப்பு அவரிடம் போய்விடும். ஆனால் காவலாளி வராத நாளில் அதிபரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

மடிக்கணினியில் விண்டோஸோ லினக்ஸோ அதிபர். காவலாளியின் வேலையைச் செய்வது நிலைபொருள். வன்பொருளில் இருக்கும் ‘சிப்’ எனும் சில்லொன்றில் எழுதி வைக்கப்பட்டு, மின்சாரம் நின்றாலும் அழியாமல் இருக்கும் மென்பொருளை அப்படிச் சொல்கிறோம். பொத்தானை அழுத்திய கணத்தில் மடிக்கணினியின் மூளையான செயலிக்கு எதுவும் தெரியாது. நினைவகம் எவ்வளவு, திரை எங்கே, வட்டு எங்கே என்பதையெல்லாம் நிலைபொருள்தான் ஒவ்வொன்றாகத் தேடி எழுப்பிவிட்டுப் பின்னர் விண்டோஸிடம் ஒப்படைக்கிறது.

இந்த நிலைபொருளைத்தான் பயாஸ் என்கிறோம். அந்தப் பெயர் 1975இல் கேரி கில்டால் என்ற கணினி அறிஞர் தமது சிபி/எம் இயங்குதளத்தில் பயன்படுத்திய சொல். இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது அதன் பேரப்பிள்ளையான யூஇஎஃப்ஐ. இன்டெல் தொடங்கி வைத்த அந்த வடிவமைப்பை 2005 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றமொன்று கவனித்து வருகிறது. கடைகளில் இன்னமும் எல்லாவற்றுக்கும் பெயர் பயாஸ்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அது குடியிருக்கும் சில்லு பெரும்பாலும் எட்டுக் கால்கள் கொண்டது; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. முதுகில் 25க்யூ128 என்பதுபோல ஓர் இலக்கம் இருக்கும். அந்த 128ஐ மெகாபைட் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் பலர். அது மெகாபிட். எட்டால் வகுத்தால் 16 மெகாபைட், கைப்பேசியில் மூன்று நான்கு பாட்டுகள் பிடிக்கும் இடம். மடிக்கணினி கண் விழிப்பது அவ்வளவு சிறிய இடத்திலிருந்து.

கொப்பியும் அறிவித்தல் பலகையும்

நம் காவலாளியிடம் ஒரு கொப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வரிசையாக இலக்கமிட்ட கட்டங்கள். ‘தண்ணீர் மோட்டர்: 1’ என்றால் போட வேண்டும், 0 என்றால் போடக்கூடாது. ‘மேல்மாடி அறைகள்: 0’ என்றால் அவை மூடியே இருக்கும். ஒவ்வொரு காலையும் கொப்பியைப் பார்த்து, அதில் உள்ளபடியே செய்வார். ஏன் என்று கேட்கமாட்டார்.

வாசலில் ஓர் அறிவித்தல் பலகையும் இருக்கிறது. கொப்பியில் உள்ள சில வரிகள் மட்டும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் அந்தச் சில வரிகளை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மற்ற வரிகள் கொப்பியில் இருக்கின்றன, காவலாளி அவற்றையும் நாள்தோறும் பின்பற்றுகிறார். வெளியாருக்குத்தான் தெரியாது.

பயாஸ் இயங்குவது ஏறத்தாழ இப்படித்தான். கொப்பிக்கு என்விராம் என்று பெயர்; அதே சில்லில், அமைப்புகளின் மதிப்புகளை எழுதி வைக்க ஒதுக்கிய பகுதி. அமைப்பு ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒரு பைட். மடிக்கணினி எழும்பும்போது நாம் எஃப்2 விசையை அழுத்திக் காணும் நீலமோ கறுப்போ ஆன பக்கம்தான் அறிவித்தல் பலகை. அந்தப் பக்கத்தை வரைவதற்குப் பயாஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் அமைப்பின் பெயர், தேர்வுகள், அதன் மதிப்பு கொப்பியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அதை எந்த நிலையில் மறைக்க வேண்டும் என்பவை அதில் உண்டு. ‘எப்போதும் மறை’ என்று நிபந்தனை இருந்தால், அந்த வரி திரைக்கு வருவதேயில்லை.

என் பழைய மடிக்கணினியின் பயாஸிலிருந்து அந்தப் பட்டியலை எழுத்துவடிவில் பிரித்தெடுத்துப் பார்த்தேன். திரையில் தெரிந்தவை இரண்டு மூன்று டசின் அமைப்புகள். பிரித்தெடுத்த கோப்போ சில ஆயிரம் வரிகள் ஓடியது. அந்த மடிக்கணினியில் இல்லவே இல்லாத இணைப்புத் துறைகளுக்கும், நான் கண்ணால் கண்டிராத கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் அதில் அமைப்புகள் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் மேலே அதே சிறு குறிப்பு: உண்மையெனில் மறை, உண்மை.

ஆகவே உங்கள் மடிக்கணினிக்குப் பொருந்தும் மறைந்த அமைப்பு எதுவும் தூங்கிக் கிடக்கவில்லை. அது இன்று காலையும் உங்கள் மடிக்கணினியில் வேலை செய்தது, தயாரிப்பாளர் எழுதிவிட்ட மதிப்பின்படி. ‘திறப்பது’ என்று சொல்லப்படுவது அந்த மதிப்பை மாற்றுவது, அல்லது அந்த வரியைப் பலகைக்குக் கொண்டுவருவது. இவ்வளவுதான்.

மறைத்தது ஏன்?

கெட்ட எண்ணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பயாஸை மடிக்கணினி நிறுவனங்கள் முழுவதுமாகத் தாமே எழுதுவது குறைவு. ஏஎம்ஐ, இன்சைட், ஃபீனிக்ஸ் போன்ற நிறுவனங்களிடமிருந்து அடித்தளத்தை வாங்குகின்றன. அந்த அடித்தளம் எல்லாவிதக் கணினிகளுக்கும் பொதுவாகத் தைத்த சட்டை. தம் மாதிரிக்குப் பொருந்தாத வரிகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிவதைவிட மறைத்துவிடுவது இலகு. எனவே மறைந்தவற்றில் பெரும்பகுதி வெறும் குப்பை. மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

வேறு சில, தொழிற்சாலைப் பொறியியலாளர்களுக்கு உரியவை: நினைவகத்தின் நேரக்கணக்கு, மின்னழுத்தம், செயலி உண்ணக்கூடிய மின்வலுவின் எல்லை. இவை உண்மையில் வேலை செய்யும், அதனால்தான் ஆபத்தானவையும்.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. இதற்கு நல்ல உதாரணம் செயலியின் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தல். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே மடிக்கணினியை மடியில் வைத்து வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்; அழுத்தம் குறைந்தால் சூடு குறையும், காற்றாடியின் இரைச்சலும் அடங்கும். நெடுங்காலம் இதை விண்டோஸிலிருந்தே செய்ய முடிந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் முறையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அழுத்தத்தை வேண்டுமென்றே ஆட்டி, இன்டெல் செயலியின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் கணக்குப் பிழைகளை உண்டாக்கி இரகசியங்களைக் கறக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதன் பிறகு வந்த பயாஸ் புதுப்பிப்புகள் பலவற்றில் அந்த வசதி பூட்டப்பட்டது. பூட்டைத் தளர்த்தும் பைட் கொப்பியில் பல மாதிரிகளில் இன்னும் இருக்கிறது, பலகையில் மட்டும் இல்லை. பயாஸைத் திறக்கப் புறப்படுகிறவர்களில் கணிசமானோர் தேடுவது இந்த ஒற்றை பைட்டைத்தான்.

வேகத்துக்காக வருகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம். நீங்கள் தேடுவது சூட்டைக் குறைப்பது என்றால், தூசி எடுத்து வெப்பப் பசையைப் புதிதாகப் பூசினாலே பெரும்பாலும் வேண்டியது கிடைத்துவிடும்.

இரண்டு வழிகள்

முதலாவது, கொப்பியில் உள்ள இலக்கத்தை நேரடியாக மாற்றுவது. பயாஸ் கோப்பைப் பிரித்து, வேண்டிய அமைப்பு கொப்பியில் எத்தனையாவது இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பின்னர் பென்டிரைவிலிருந்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே ஓடும் சிறு கருவியொன்றைக் கொண்டு அந்த இடத்தில் 1ஐ 0 ஆக்க வேண்டும். காவலாளியின் அறிவில் எதையும் தொடவில்லை, கொப்பியில் ஒரு கட்டத்தை மட்டும் திருத்தியிருக்கிறோம்.

இரண்டாவது, பலகையை மாற்றி எழுதுவது. பயாஸ் முழுவதையும் சில்லிலிருந்து கோப்பாக எடுத்து, அந்த ‘மறை’ நிபந்தனையைத் திருத்தி, முழுவதையும் திரும்ப எழுதுவது. அதன் பிறகு அமைப்பு எஃப்2 பக்கத்தில் அழகாகத் தெரியும். யூரியூப் படங்களில் காட்டுவது இதைத்தான். ஒரு பைட்டை மாற்ற 16 மெகாபைட்டை அழித்து எழுதுவது, வீட்டு மின்குமிழை மாற்ற மின்கம்பத்தைப் பிடுங்குவதுபோல எனக்குத் தோன்றும். அடிக்கடி மாற்ற வேண்டிய தேவை உள்ளவருக்கு அது நியாயமாக இருக்கலாம். முதல் தடவை செய்கிறவருக்கு அல்ல.

முதல் வழியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இட எண் பயாஸின் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. உதாரணத்துக்கு, 1.05 பதிப்பில் 592ஆவது இடம் மின்னழுத்தப் பூட்டாக இருக்கலாம். 1.08இல் புதிதாக இரண்டு வரிகள் சேர்ந்து, அதே 592 திரையை எழுப்பும் அமைப்பாகிவிட்டிருக்கலாம். யாரோ எப்போதோ எழுதி வைத்த இலக்கத்தை அப்படியே அடித்தால், உங்கள் காவலாளி வேறொரு கட்டளையை நிறைவேற்றுவார். உங்கள் மடிக்கணினியில் இப்போது ஓடும் அதே பதிப்பின் கோப்பிலிருந்து, உங்கள் கையால் எடுத்த எண் மட்டுமே எண். மாற்றுவதற்கு முன் அந்த இடத்தில் தற்போது உள்ள மதிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சொல்லும் இயல்பு மதிப்போடு அது ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இதுவரை சொன்னதைத் தொகுத்துக்கொள்வோம். அமைப்புகள் ஏற்கெனவே கொப்பியில் இருக்கின்றன. திரை அவற்றில் சிலவற்றைத்தான் காட்டுகிறது. ஒரு கட்டத்தைத் திருத்துவது சிறிய வேலை, பலகை முழுவதையும் மாற்றுவது பெரிய வேலை. இரண்டுக்கும் சரியான பதிப்பு அவசியம்.

அலுமாரிப் பூட்டும் திணைக்களத்தின் முத்திரையும்

இரண்டு தடைகள் உண்டு. பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

ஒன்று, எழுதும் பூட்டு. கொப்பியும் கட்டளைகளும் இருக்கும் அலுமாரிக்குப் போட்ட பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலிருந்து யாரும் சில்லில் எழுத முடியாதபடி அது தடுக்கும். இது ஏன் வந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1999 ஏப்ரல் 26இல் சிஐஎச் என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளின் வட்டுகளை அழித்ததோடு, பூட்டில்லாத பயாஸ் சில்லுகளிலும் குப்பையை எழுதியது. கெட்ட நோக்கம் இல்லாமலும் நடக்கும்: 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் பதிப்பின் தரவிறக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். அதில் இருந்த, பயாஸ் சில்லோடு பேசும் இயக்கி மென்பொருளொன்று, சில மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாத நிலையை உண்டாக்கியிருந்தது.

மற்றது, முத்திரை. இன்டெல் பூட் கார்ட் என்ற ஏற்பாடு 2013இல் வந்த செயலிகளோடு அறிமுகமானது. ஏஎம்டியிலும் இதுபோல ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் இலக்கக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் அடையாளம் தொழிற்சாலையிலேயே வன்பொருளுக்குள் எரித்துப் பதிக்கப்படுகிறது. பிறகு யாராலும் மாற்ற முடியாது. காவலாளி பள்ளிக்குள் நுழையும்போதே, கையிலிருக்கும் கட்டளைத் தாளில் கல்வித் திணைக்களத்தின் முத்திரை, அதாவது தயாரிப்பாளரின் கையொப்பம், இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. கையொப்பம் காக்கும் பகுதியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மடிக்கணினி எழும்ப மறுக்கலாம்.

வேறுபாடு இங்கேதான் முக்கியம். வெளியிலிருந்து கருவி வைத்துச் சில்லில் எழுதினால் அலுமாரிப் பூட்டைத் தாண்டலாம். முத்திரையைத் தாண்ட முடியாது. பலகையை மாற்றி எழுதிய பலருக்கு எழுத்து வெற்றியாக முடிந்தும் மடிக்கணினி எழும்பாமல் போவதற்குக் காரணம் இது. கொப்பியோ நாளும் மாறக்கூடியது என்பதால் அதற்கு முத்திரை இடுவதில்லை. முதல் வழி புதிய மடிக்கணினிகளிலும் சில சமயம் பலிப்பது அதனால்தான். அந்தக் கொப்பியையே இறுக்கிப் பூட்டிவிட்ட தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழி

பாதுகாப்பாகச் செய்வது என்றால் கவனமாகச் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். கவனம் நல்லதுதான், ஆனால் போதாது. பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி கையில் இருக்க வேண்டும். அந்த வழி, உங்கள் சில்லின் முழுப் பிரதி.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ரொறன்ரோவிலிருந்து மச்சான் கொடுத்துவிட்ட மடிக்கணினியில் பிரதி எடுக்காமலே கை வைத்தேன். கெட்டது. அதே மாதிரி மடிக்கணினியின் பயாஸ் கோப்பை இணையத்தில் தேடி எடுத்து முழுவதுமாக எழுதினேன். எழும்பியது! அரை மணி நேரம் பெருமையோடு இருந்தேன். பிறகு பார்த்தால் தொடரிலக்கம் யாரோ ஒருவருடையது. வலையமைப்பு முகவரியும் அவருடையதே. விண்டோஸ் தன் உரிமத்தைக் காணவில்லை என்றது. அந்தச் சில்லில் நிரல் மட்டும் இருக்கவில்லை. அந்த ஒரு மடிக்கணினிக்கே உரிய அடையாளங்களும் இருந்தன. அவற்றின் ஒரே பிரதியை நானே அழித்திருந்தேன்.

சரியான முறையைப் பின்னர் கடையில் பார்த்தேன். முதலில் மின்னேற்றியைப் பிடுங்கினார். அடுத்துப் பெரிய பற்றரியின் இணைப்பையும் சிறிய வட்டப் பற்றரியையும் கழற்றினார். கைப்பேசிக் கமராவைப் பெரிதாக்கிச் சில்லின் முதுகைப் படித்தார். சில சில்லுகளுக்கு 3.3 வோல்ட், சிலவற்றுக்கு 1.8 வோல்ட், இலக்கத்தைப் பார்க்காமல் மாட்டினால் சில்லு எரியலாம். சில்லின் ஒரு மூலையில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி. அது முதலாவது கால். சில்லின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பை, அதன் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வரும்படி கவ்வ வைத்தார். சில்லைப் படிக்கவும் எழுதவும் சிஎச்341ஏ என்ற மலிவான கருவியைப் பயன்படுத்தினார். அதன் கறுப்பு நிறப் பதிப்பில், 3.3 வோல்ட் சில்லுக்கும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் போய்விடும் என்பது தொழிலில் தெரிந்த குறை. அவர் தம்முடையதைத் திருத்தி வைத்திருந்தார்.

படித்தார், சேமித்தார். கிளிப்பைக் கழற்றாமல் மீண்டும் படித்தார். இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டார். ஒத்துவரவில்லை. முதலாவது கோப்பில் நடுவே ஒரு நீளப் பகுதி வெறுமையாக இருந்தது. கிளிப்பின் ஒரு பல் சரியாகத் தொடவில்லை. கழற்றி, சில்லின் கால்களைத் தூரிகையால் துடைத்து, மீண்டும் கவ்வ வைத்து, இம்முறை மூன்று தடவை படித்தார். மூன்றும் ஒன்று. அதன் பிறகுதான் எதையாவது எழுதுவது பற்றிப் பேசினார். முதல் படிப்பை நம்பியிருந்தால், காப்பு என்று நினைத்துக் குப்பையைச் சேமித்திருப்போம்.

பிரதி எடுத்தாயிற்று என்றால் மீதி சின்னச் சங்கதிகள். விண்டோஸில் பிட்லொக்கர் வட்டுக் குறியாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய மடிக்கணினிகளில் நீங்கள் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸ் மாறியதை அது உணர்ந்தால் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கும். அது இல்லையென்றால் படங்களும் ஆவணங்களும் போனவைதான். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த மடிக்கணினிக்குள் அல்ல. கிளிப் இல்லாமல், மடிக்கணினியை இயக்கியபடியே எழுதுவதானால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும், மின்னேற்றியும் செருகியிருக்க வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். அலுவலக மடிக்கணினியில் வேண்டவே வேண்டாம்.

திரை கறுப்பாகவே இருந்தால்

முதலில், காத்திருங்கள். சில அமைப்புகளை மாற்றினால் பயாஸ் நினைவகத்தை மறுபடி அளந்து பழகும்; அப்போது சில நிமிடங்கள் வரை திரையில் ஒன்றும் வராது. அந்த நேரத்தில் பயந்து மின்சாரத்தை நிறுத்துகிறவர்கள், இல்லாத பிழையை உண்டாக்குகிறார்கள்.

பத்துப் பதினைந்து நிமிடமும் கடந்துவிட்டால், எல்லோரும் சொல்லும் முதல் மருந்து வட்டப் பற்றரியைக் கழற்றுவது. பழைய கணினிகளில் அது சரியான மருந்து. அப்போது கொப்பி, பற்றரியின் தயவில் உயிர்வாழும் சிறு நினைவகத்தில் இருந்தது. பற்றரி போனால் கொப்பியும் வெற்றுத்தாளாகிவிடும். இப்போது கொப்பி சில்லுக்குள் போய்விட்டது. பல மடிக்கணினிகளில் பற்றரியை ஒரு வாரம் கழற்றி வைத்தாலும் நீங்கள் எழுதிய பிழையான பைட் அப்படியே இருக்கும். முயன்று பார்க்கலாம், நம்பியிருக்க முடியாது.

சில தயாரிப்பாளர்கள் அவசர மீட்பு வழியொன்று வைத்திருப்பார்கள்: குறிப்பிட்ட பெயரில் பயாஸ் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, குறிப்பிட்ட விசைகளை அழுத்தியபடி எழுப்புவது. அந்தப் பெயரும் விசைகளும் மாதிரிக்கு மாதிரி வேறு என்பதால், கை வைப்பதற்கு முன்பே உங்கள் மாதிரிக்கானதைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி வைக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் கிளிப், கருவி, நீங்கள் எடுத்த பிரதி.

மச்சான் கொடுத்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது, யாரோ ஒருவரின் தொடரிலக்கத்தோடு. அதற்குப் பின் வாங்கியதன் பிரதி ஒரு பென்டிரைவில் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. மேலே ஒட்டிய துண்டுத்தாளில் மாதிரி, பயாஸ் பதிப்பு, பிரதி எடுத்த திகதி. அந்த மடிக்கணினியில் நான் மாற்றியது ஒரே ஒரு பைட்.